ஜெயராஜ் பெயருக்கு வந்த நோட்டீஸ்

"ஜெயராஜ் இருக்காரா?" என்று வாசலில் குரல் கேட்டபோது மெர்சி அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வெளியே வந்தாள். தபால்காரர் பைக்கிலிருந்து இறங்காமல் நின்றிருந்தார்.

"வெளிய போயிருக்காரு" என்றாள்.

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. ஜெயராஜ் செத்து எட்டு வருஷமும் ஒன்பது மாதமும் ஆகியிருந்தது.

தபால்காரர் ஊருக்குப் புதியவர். "சம்சாரம்தானே? நீங்களே கையெழுத்துப் போட்டுடுங்க" என்று பேனாவை நீட்டினார். மெர்சி போட்டாள். பைக் சந்து திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டேன், அவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

உறைக்குள் இருந்ததெல்லாம் ஆங்கிலம். மெர்சிக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனால் அந்தப் பெயரை எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கவில்லை. புருஷன் பெயர், அவன் அப்பா பெயர், புதுகும்மிடிப்பூண்டி வீட்டு விலாசம், பான் கார்டு எண் என்று எல்லாம் சரியாக இருந்தது. இறப்புச் சான்றிதழுக்குப் பிறகு அவன் பெயரை யாரும் அவ்வளவு முழுசாக எழுதி அவள் பார்த்ததில்லை.

காகிதங்களைப் படம் பிடித்து மகள் சோனியாவுக்கு அனுப்பினாள். சோனியா திருவள்ளூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கேயே விடுதியில் தங்கியிருந்தாள். அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"அம்மா, இன்கம்டாக்ஸ்லருந்து வந்துருக்கு. அப்பா பேர்ல ஒரு பேங்க் அக்கவுண்ட்ல அம்பத்திரண்டு லட்சம் வந்து போயிருக்காம். அதுக்குக் கணக்கே காட்டல, பழைய வருஷத்த மறுபடியும் ஏன் திறக்கக்கூடாதுன்னு கேக்கறாங்க."

"எந்த வருஷம்?"

"ரெண்டாயிரத்துப் பத்தொம்போது ஏப்ரல்லருந்து இருவது மார்ச் வரைக்கும்."

"அப்பா செத்தது பதினேழுல."

"ம்" என்றாள் சோனியா.

இரண்டு பேரும் ஒன்றையேதான் நினைத்தார்கள்.

ஜெயராஜ் வேலை செய்தது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஒரு மில்லில். சாவதற்கு இரண்டு நாள் முன்னால் வீட்டில் பெரிய சண்டை. சம்பளத்தில் பாதியைக் குடித்துவிட்டு வந்திருந்தான். மெர்சி கையிலிருந்த கரண்டியை அவன்மேல் எறிந்தாள். "ஒரு நாளு எங்கனா போய்டுவேன். அப்ப தேடிகினு வராத" என்று சொல்லிவிட்டுப் போனவன், மில்லிலேயே தொழிலாளர் கொட்டகையில் படுத்துக்கொண்டான். மூன்றாம் நாள் காலை ஷிப்டில் உலை வெடித்தது. பழைய இரும்போடு தண்ணீர் தேங்கிய குழாய் ஒன்று உள்ளே போய்விட்டதாகச் சொன்னார்கள். உருகிய இரும்பு மேலே எழும்பி மூன்று பேர் மேல் கொட்டியது.

ஆணி அடித்த பெட்டியைத்தான் அவளுக்குக் கொடுத்தார்கள். "திறக்க வேணாம் அண்ணி, பாக்கற மாதிரி இல்ல" என்று ரகு அவள் கையைப் பிடித்துத் தடுத்தான். ரகு ஜெயராஜின் ஷிப்ட்காரன், தம்பி மாதிரி பழகியவன். பிணவறைக்குப் போய் அடையாளம் சொல்லிக் கையெழுத்துப் போட்டவனும் அவன்தான். பெட்டியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய், பெட்டியோடு புதைத்துவிட்டு வந்தார்கள்.

அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காத முகம் சாகவும் இல்லை. முதல் இரண்டு வருஷம் பஸ் நிலையத்தில் அகலமான தோளோடு யாராவது முன்னால் போனால் அவள் நடையை எட்டிப் போடுவாள். அப்புறம் அது குறைந்தது. சிப்காட்டில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் வேலை, மகள் படிப்பு, ஈ.எஸ்.ஐ. பென்ஷன், ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து கல்லறையில் பத்து நிமிஷம் என்று வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது.

நோட்டீஸ் வந்த வாரத்தில் அது திரும்பி வந்தது. ஜெயராஜ் வீட்டுக்குள் நுழைவதற்கு முன் வாசலில் நின்று இரண்டு தடவை தொண்டையைச் செருமுவான். சனிக்கிழமை மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தவளுக்கு அந்தச் செருமல் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தாள். வெயில்தான் இருந்தது. கதவைச் சாத்த மனம் வராமல், சாயங்காலம் வரை திறந்தே வைத்திருந்தாள்.

*

சோனியா விசாரித்துப் பிடித்த வரி ஆலோசகர் பெயர் செங்கமலவல்லி. திருவள்ளூர் தேரடிக்குப் பக்கத்துத் தெருவில், வீட்டு முன்னறையே அலுவலகம். அப்பாவும் அண்ணனும் பெருமாள் கோயில் கைங்கரியம். இவர் மட்டும் பி.எல். படித்து வரி வழக்குகளுக்கு வந்தவர். நாற்பது வயதிருக்கும். நோட்டீஸை இரண்டு தடவை படித்தார். இறப்புச் சான்றிதழை ஒரு தடவை படித்தார். அப்புறம் மெர்சியைப் பார்த்தார்.

"பயப்படாதீங்க. செத்துப்போனவர் பேருக்கு அனுப்பின நோட்டீஸ் செல்லாது. வாரிசு பேருக்குத்தான் அனுப்பணும். இது நம்ம முதல் பதில்."

"அத்தோட உட்டுடுவாங்களா மேடம்?"

"விட மாட்டாங்க. உங்க பேருக்கு மறுபடி அனுப்பலாம். ஆனா அதுக்கு நாள் கணக்கு இருக்கு. பழைய வருஷத்தை நினைச்சப்பல்லாம் திறக்க முடியாது. விட்டுப்போனது அம்பது லட்சத்துக்குக் கீழேன்னா, மதிப்பீட்டு வருஷம், அதாவது வருமானம் வந்ததுக்கு அடுத்த வருஷம், முடிஞ்சு மூணு வருஷத்துக்குள்ள கேட்டுடணும். அம்பதோ அதுக்கு மேலேயோன்னா அஞ்சு வருஷம். இவங்க அம்பத்திரண்டுன்னு சொல்றதால, வர்ற மார்ச் வரைக்கும் அவங்களுக்கு நேரம் இருக்கு."

"அம்பதுக்குக் கம்மியா இருந்தா?"

"ரெண்டாயிரத்து இருபத்திநாலு மார்ச்சோட கதவு மூடியாச்சு. யாரும் திறக்க முடியாது."

சோனியா கேட்டாள்: "மேடம், அப்பா செத்ததுக்கு அப்புறம் வந்த பணம்தானே? அவர் இல்லன்னு சொன்னா போதாதா?"

செங்கமலவல்லி பேனாவை மூடி வைத்தார்.

"சொல்லலாம். ஆனா அவங்க கையில இருக்கறதையும் யோசிச்சுப் பாருங்க. ரெண்டாயிரத்துப் பதினெட்டுல ஒருத்தர் போட்டோ, ஆதார், பான் எல்லாம் குடுத்து ஜெயராஜ்னு கையெழுத்துப் போட்டு அக்கவுண்ட் திறந்திருக்கார். ஒரு காகிதம் அவர் செத்துட்டார்ங்குது. இன்னொண்ணு உயிரோட இருக்கார்ங்குது. எது பொய்னு தோண்ட ஆரம்பிச்சா, உங்க பென்ஷன், மில்லுல குடுத்த நஷ்டஈடு எல்லாத்தையும் கேள்வி கேப்பாங்க. அதனால நாள் கணக்கு நம்ம பக்கம் இருக்கான்னு முதல்ல பாக்கறேன். பேங்க் ஸ்டேட்மெண்ட் கேட்டு எழுதறேன்."

"எது பொய் மேடம்?" என்றாள் மெர்சி.

"என்ன?"

"ரெண்டு காயிதத்துல."

செங்கமலவல்லி அவளையே பார்த்தார். வரி விஷயத்துக்கு வந்த பெண் வேறு எதையோ கேட்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. "அது எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

*

மூன்று வாரம் கழித்து ஸ்டேட்மெண்ட் வந்தது. பதினேழு பக்கம். செங்கமலவல்லி அடிக்கோல் வைத்து வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தார். மறுபிரதியை மெர்சியும் சோனியாவும் பார்த்தார்கள். ஏதோ இரும்புக் கடைகளின் பெயர்கள். லட்சம் லட்சமாக வந்து, அன்றைக்கே எடுக்கப்பட்ட பணம். நடுநடுவே ஏ.டி.எம்.மில் எடுத்த சின்னத் தொகைகள். ஆரம்பாக்கம். சூளூர்பேட்டை. கும்மிடிப்பூண்டி பஜார். மறுபடியும் சூளூர்பேட்டை.

ஒவ்வொரு வரியும் ஒரு தேதி. ஒவ்வொரு தேதியிலும் ஜெயராஜ் எங்கோ நின்றிருந்தான், ஒரு பொத்தானை அழுத்தினான், பணத்தை எண்ணிச் சட்டைப் பையில் வைத்தான். மெர்சி விரலால் தடவிக்கொண்டே போனாள்.

ஆறாம் பக்கத்தில் சோனியாவின் விரல் நின்றது.

"அம்மா. இது எங்க காலேஜ்."

2019 ஜூன். முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். திருவள்ளூர் நர்சிங் கல்லூரியின் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு அச்சாகியிருந்தது. முதல் வருஷக் கட்டணம். அதைக் கட்ட முடியாமல் மெர்சி கம்மலை விற்கப் போன வாரம் அது.

"அப்பாவாம்மா?" என்றாள் சோனியா. இருபத்துநாலு வயதுப் பெண், பத்து வயதுக் குரலில் கேட்டாள்.

அதே நேரம் மேஜைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து செங்கமலவல்லி, "கிடைச்சுடுத்து!" என்றார். நாலு லட்ச ரூபாய் செக் ஒன்று வரவு வைக்கப்பட்டு, பணமில்லாமல் திரும்பி, அடுத்த வாரம் மறுபடி வரவாகியிருந்தது. துறைக்காரர்கள் இரண்டு தடவையும் கூட்டியிருந்தார்கள். கழித்தால் ஐம்பதுக்குக் கீழே. மூன்று வருஷக் கணக்குதான். கதவு எப்போதோ மூடியாகிவிட்டது.

"ஜெயிச்சாச்சு மெர்சி. இதுக்கு மேல அந்த வருஷத்தைப் பத்தி அவங்க ஒரு கேள்வி கேக்க முடியாது. யார் போட்டா, யார் எடுத்தா, எதுவும்."

"நாம கேக்கலாமா?"

"நாம எதுக்குக் கேக்கணும்?"

மெர்சி அந்த ஆறாம் பக்கத்தை மட்டும் தரச் சொல்லி வாங்கி மடித்துக்கொண்டாள். புறப்படும்போது திரும்பிக் கேட்டாள்: "ஏன் மேடம் மூணு வருஷம்? தப்பு தப்புதானே, எப்ப கேட்டா இன்னா?"

"எத்தனை காலத்துக்கு ஒரு மனுஷன் பழைய ரசீதை எல்லாம் பத்திரப்படுத்திண்டு பயந்துண்டே இருக்கறது? ஒரு நாளைக்கு மேல அவனை நிம்மதியா விட்டுடணும்னு சட்டம் நினைக்கறது."

*

அடுத்த திங்கட்கிழமை மெர்சி லீவு போட்டாள். காலை ரயிலில் சூளூர்பேட்டைக்குப் போனாள். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம். கும்மிடிப்பூண்டியிலிருந்து அதிக தூரமில்லை. ஸ்டேட்மெண்டில் இருந்த ஏ.டி.எம்.மைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தாள். எதிரே ஒரு பழச்சாறுக் கடை. அதன் நிழலில் நின்றாள்.

காவலாளி தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். அவரிடம் புகைப்படத்தைக் காட்டினாள். "எப்பம்மா வந்தாரு?" என்று கேட்டார். "ஆறு வருஷம் முன்னால" என்றாள். அவர் சிரிக்கவில்லை. ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்.

வருகிறவர்களை எல்லாம் பார்த்தாள். ஜெயராஜுக்கு இப்போது ஐம்பது வயது ஆகியிருக்கும். முடி நரைத்திருக்கும். இங்கே ஒரு வீடு எடுத்திருப்பான். யாராவது சமைத்துப் போடுவாள். குடியை விட்டிருப்பானோ? மகள் நர்சிங் சேர்ந்தது அவனுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? யாரையாவது அனுப்பி விசாரித்திருப்பான். தேடாதே என்று சொன்னது உண்மைதான், தேடாமல் இருந்தது தன் தப்பு. மதியம் ஒரு ஆள் ஏ.டி.எம். கதவைத் தள்ளுவதற்கு முன் தொண்டையைச் செருமினான். மெர்சி எழுந்துவிட்டாள். அவன் திரும்பினான். முப்பது வயதுகூட இருக்காது.

மறுபடி உட்கார்ந்தாள். அந்தக் கல்லூரி ரசீதைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தது ரகு. "மில்லு பசங்கல்லாம் சேந்து கட்டினோம் அண்ணி" என்று சொல்லிக் கொடுத்தான். இது அவளுக்குச் செங்கமலவல்லி வீட்டிலேயே, அந்த வரியைப் பார்த்த முதல் நிமிஷத்திலேயே ஞாபகம் வந்துவிட்டது. வந்தும்தான் சூளூர்பேட்டைக்கு ரயில் ஏறினாள். ஒரு நாளாவது அவன் உயிரோடு இருக்கட்டும் என்று இருந்தது.

மூன்றரை மணி ரயிலில் திரும்பினாள்.

*

ரகு இப்போது வேறொரு மில்லில் கிரேன் ஓட்டுகிறான். காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். மறுநாள் அந்த மில் கேட்டுக்கு எதிரே புளியமரத்தடி டீக்கடையில் மெர்சி காத்திருந்தாள். வெளியே வந்தவன் அவளைப் பார்த்ததும் சிரித்தான். அவள் கையில் மடித்த காகிதத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"இன்னா அண்ணி, இம்மாந் தூரம்?"

அவள் ஆறாம் பக்கத்தை விரித்து, பேனாவால் வட்டமிட்டிருந்த வரியைக் காட்டினாள். ரகு படிக்கவில்லை. படிக்காமலே தெரிந்திருந்தது. மரத்தடியில் அப்படியே குந்திவிட்டான்.

"ராஜமாணிக்கம்தான் அண்ணி" என்றான். ராஜமாணிக்கம் என்பது மில்லுக்கு ஆள் எடுத்துக் கொடுத்த காண்டிராக்டர். "பி.எஃப். பணம் வாங்கறதுக்குன்னு உங்ககிட்ட அண்ணன் கார்டெல்லாம் வாங்கினு போனேனே, அதுல ஜெராக்ஸ் எடுத்து வெச்சுகினாரு. இரும்பு வாங்காமலே வாங்கின மாதிரி பில்லு போடணும், அதுக்கு ஒரு ஆளு பேரு வோணும்னாரு. செத்தவங்க பேருதானே, யாருக்கும் வலிக்காதுன்னாரு. நான்தான் போய்க் கையெழுத்துப் போட்டேன். அவரு சொன்ன ஊர்ல போய்ப் பணமும் எடுத்தாந்து குடுத்தேன். மாசம் அஞ்சாயிரம் குடுத்தாரு."

"ராஜமாணிக்கம் எங்க இப்ப?"

"கொரோனால பூட்டாரு."

மெர்சி வட்டமிட்ட வரியை மறுபடி விரலால் தொட்டுக் காட்டினாள்.

"பொண்ணுக்கு பீஸு கட்டணும்னு நீங்க கம்மல விக்கப் போனீங்க. அண்ணன் பேர்ல வர்ற டப்பு அண்ணன் பொண்ணுக்கே போவட்டும்னு ராஜமாணிக்கத்துக்குத் தெரியாம அனுப்பிச்சேன் அண்ணி. அது ஒண்ணுதான் நான் அதுல செஞ்ச நல்லது. என்ன போலீசுல சொல்லிடுங்க. பரவால்ல."

"நான் அதுக்கு வர்ல."

ரகு நிமிர்ந்து பார்த்தான்.

"அவரு செத்தாரா?" என்றாள் மெர்சி.

அந்தக் கேள்வியை அவள் ஒன்பது வருஷத்தில் யாரிடமும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

"அண்ணி!"

"பொட்டியத் திறக்க உடல நீ. நான் பாக்கல. சொல்லு."

"செத்துட்டாரு அண்ணி. என் கண்ணு முன்னால. பதினோரு மணிக்கு மோர் குடுப்பாங்க. நான் கேனைத் தூக்கினு வந்துகினு இருந்தேன். அண்ணன் உலை மேட்டுல நின்னுகினு, 'சீக்கிரம் வாடா'ன்னு கையாட்டுனாரு. அப்பதான் வெடிச்சுது. நம்ம லோகுவும், அந்த ஒடிசாக்காரனும், அண்ணனும். மூணு பேரும் அங்கதான் நின்னுகினு இருந்தாங்க. யாரும் தப்பி ஓடல. எங்கியும் போவல அவரு."

மெர்சி கண்ணை மூடிக்கொண்டாள். லாரி ஒன்று தூசி கிளப்பிக்கொண்டு போனது.

"அன்னிக்கி சாயந்தரம் ஊட்டுக்குப் போறேன்னாரு அண்ணி. கோபம் ஆறிப்போச்சு அவருக்கு."

அது நிஜமா, அவளைத் தேற்றுவதற்குச் சொன்னதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. இது போதும் என்று திரும்பி நாலடி நடந்தாள். அப்போது ரகு பின்னாலிருந்து சொன்னான்:

"இன்னொண்ணு இருக்குது அண்ணி."

அதை அவன் சொல்லாமலிருந்திருக்கலாம். ஆனால் ஒன்றைச் சொல்லி முடித்தவனுக்கு மற்றதை உள்ளே வைத்திருக்க முடியவில்லை போலிருக்கிறது. தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"பொணவறைல மூணு மூட்டை இருந்துது. துணி போட்டு நெம்பர் கட்டியிருந்தாங்க. மூஞ்சி எதுவும் இல்ல. சாயந்தரத்துக்குள்ள எல்லாம் போயாவணும், இல்லாட்டி மில்லுக்குப் பேஜாரு, சீக்கிரம் சொல்லுன்னு ராஜமாணிக்கம் அவசரப்படுத்தினாரு. நான் உள்ள போய் நிக்கக்கூட முடியல அண்ணி. ரெண்டாம் நெம்பரு அண்ணன்னு சொல்லிட்டு வெளிய ஓடியாந்துட்டேன்."

"ஏன் ரெண்டு?"

"தெரியல அண்ணி. வாயில வந்துது."

அவள் அவனை அடிக்கவில்லை, அழவில்லை.

"அப்ப வாரா வாரம் அங்க போய் நான் யார்கிட்ட பேசிகினு இருந்தேன் ரகு?" என்றாள்.

ரகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். கடைசியாக மெர்சி ஒன்றைக் கேட்டாள்: அவர் கார்டு மட்டும்தானா? இல்லை, லோகு கார்டையும் ராஜமாணிக்கம் எடுத்திருந்தார் என்றான் ரகு. அதில் வேறு எவனோ கையெழுத்துப் போட்டானாம். ஒடிசாக்காரனுக்குப் பான் கார்டே இல்லை.

*

பதிலில் ரகுவின் பெயரை எழுதலாமா என்று செங்கமலவல்லியிடம் கேட்டாள் மெர்சி.

"கேக்காத கேள்விக்கு நான் பதில் எழுத மாட்டேன். நாள் தாண்டிடுத்து, ஆளும் இல்ல. ரெண்டே வரி போதும். நீங்க போலீஸுக்குப் போகணும்னா அது வேற வழி. அந்தக் கதவு இன்னும் மூடல."

மெர்சி யோசித்தாள். போலீசுக்குப் போனால் ரகு சிறைக்குப் போவான். பிணவறைக் கையெழுத்தும் வெளியே வரும். சோனியாவுக்குத் தெரியும். சோனியாவிடம் அவள் பாதியைத்தான் சொல்லியிருந்தாள். அப்பா இறந்தது உண்மை, பணம் ரகு போட்டது, அவ்வளவுதான். அதற்கே அவள் விடுதியிலிருந்து இரண்டு நாள் போன் செய்யவில்லை.

"மேடம், பொதச்ச பொட்டிய மறுபடி திறந்து பாக்கறதுக்கும் நாள் கணக்கு இருக்குதா?"

செங்கமலவல்லிக்கு முதலில் புரியவில்லை. மெர்சி எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுவிட்டு அவர் எழுந்து போய், தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"எனக்குத் தெரிஞ்சு அதுக்கு வருஷக் கணக்கு கிடையாது. அதிகாரிகிட்ட மனு போடலாம், கோர்ட்டுக்குப் போகலாம். எலும்பை எடுத்து சோனியாவோட ரத்தத்தோட ஒத்துப் பாப்பாங்க."

"அவரு இல்லன்னா?"

"மத்த ரெண்டுல ஒண்ணை லோகுன்னு எரிச்சாச்சு. இன்னொண்ணு ஒடிசாவுக்குப் போயாச்சு." செங்கமலவல்லி நிறுத்தினார். "அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல மெர்சி."

"எப்ப வோணும்னாலும் திறக்கலாம்" என்று மெர்சி தனக்குள் சொல்லிக்கொண்டாள். வருமான வரிக்காரர்கள் விட்டுவிடுவார்கள். இது அப்படி விடாது. ஐந்து வருஷம் கழித்தும் திறக்கலாம், பத்து வருஷம் கழித்தும் திறக்கலாம் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தோன்றும். அவள் கல்லறைக்குப் போவதை நிறுத்தினாள். இரண்டு வாரத்தில் மறுபடி போகத் தொடங்கினாள். போய் நின்றாள், பேசவில்லை. உள்ளே இருப்பது யாராக இருந்தாலும் அவருக்கு வேறு யாரும் வரப்போவதில்லை என்பதால் போனாள்.

ஜனவரி கடைசியில் உத்தரவு வந்தது. இந்த ஆண்டை மறுபடி திறக்கத் தகுதியில்லை என்று ஒன்றரைப் பக்கத்தில் முடித்திருந்தார்கள். செங்கமலவல்லி ஜெயராஜின் பான் எண்ணை ரத்து செய்யவும் மனு எழுதிக் கொடுத்தார்.

*

லோகுவின் மனைவி பூமிகாவைக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. கவரைப்பேட்டையில் முன்பு இருந்த வீட்டில் அவள் இல்லை. யார் யாரையோ கேட்டு, அனல்மின் நிலையத்துப் பக்கம் அத்திப்பட்டில் இருப்பதாகத் தெரிந்தது. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெர்சி அங்கே போனாள்.

பூமிகா மறுமணம் செய்திருந்தாள். புருஷன் பெயர் ஜோஷ்வா, மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை. அன்று அவன் வேலைக்குப் போயிருந்தான். மூன்று வயதுக் குழந்தை தரையில் தூங்கிக்கொண்டிருந்தது. மெர்சி யாரென்று தெரிந்ததும் பூமிகா வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"உங்களுக்கும் வந்துச்சாக்கா?" என்றாள்.

அரிசி டிரம்முக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய உறையை எடுத்தாள். பழைய விலாசத்துக்கு வந்ததை யாரோ கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். பதில் சொல்ல வேண்டிய தேதி பத்து நாள் தாண்டியிருந்தது.

"இவர்கிட்ட காட்டல. பக்கத்துத் தெருப் பொண்ணு படிச்சுச் சொல்லிச்சு. லோகு பேங்க்ல பணம் எடுத்துருக்காராம். பொழச்சுகினு எங்கியோ இருக்காருக்கா. ஒரு நாளு வந்து கதவத் தட்டுனா நான் யாருக்கு சம்சாரம்? இந்தக் கொழந்த யாருது? யாராச்சும் கதவத் தட்டுனாலே கொழந்தயத் தூக்கினு உள்ள ஓடிடறேன். சோறு எறங்கல."

அவள் கண்களைச் சுற்றிக் கறுத்திருந்தது. மெர்சிக்குச் சூளூர்பேட்டை ஸ்டூல் ஞாபகம் வந்தது. ஒரே காகிதம்தான். தான் எந்தச் செய்திக்காக நாளெல்லாம் காத்துக் கிடந்தாளோ, அதே செய்திக்கு இவள் கதவைச் சாத்திக்கொண்டு நடுங்குகிறாள்.

"லோகு வர மாட்டாரு, பூமிகா. செத்துட்டாரு. மூணு பேரும் ஒண்ணா நின்னுகினு இருந்தத, மேல கொட்டுனத, ரகு கண்ணால பாத்துருக்கான். காண்டிராக்டர்தான் கார்ட வெச்சு எவனையோ கையெழுத்துப் போட வெச்சான். என் ஊட்டுக்காரரு கார்டும்தான்."

பூமிகா அவளை நம்பாமல் பார்த்தாள். மெர்சி தனக்கு வந்த உத்தரவைக் காட்டினாள். செங்கமலவல்லிக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். அவர் வருஷத்தையும் தொகையையும் கேட்டார். நாற்பத்தொரு லட்சம். "அது எப்பவோ நாள் தாண்டிடுத்தும்மா. இன்னும் உத்தரவு போடலைன்னா பதில் போடலாம். செவ்வாய்க்கிழமை இறப்புச் சான்றிதழோட வாங்க" என்றது குரல்.

போனை வைத்ததும் பூமிகா அழத் தொடங்கினாள். பயம் விட்டுப்போகிற அழுகை, தோள் குலுங்கியது. குழந்தை விழித்துக்கொண்டு அவள் மடிக்கு ஊர்ந்து வந்தது. அதை அணைத்துக்கொண்டு அழுதாள். கொஞ்சம் அடங்கிய பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்கே தெரியும்க்கா. நான்தான பழவேற்காட்டுக்குக் கொண்டும்போய் அவரைக் கரைச்சேன். கையில சூடு இருந்துது சாம்பலு. அவரு கைச்சூடு மாதிரியே இருந்துது. அது பொய்யாவுமான்னு நினைச்சுகினே இருந்தேன். அவருதானக்கா அது?"

வெளியே மின் நிலையத்தின் பக்கமிருந்து ஒரே சீரான இரைச்சல் வந்துகொண்டிருந்தது. மெர்சி குழந்தையின் தலையைத் தடவினாள்.

"அவருதான்" என்றாள்.